கண்ணுக்குக் கீழே

வெங்காயம் அரிய எடுத்த கத்தி
பாதியில் நின்றது.
"அந்தச் சவ்வு வேணும்மா" என்றாள் சுமையா.
தொடக்கநிலை ஐந்து.
வெள்ளிக்கிழமை அறிவியல் தேர்வு.

கைபேசியில் மாட்டும் குட்டி வில்லை,
பதினோரு வெள்ளி,
அதற்கு ஒரு வாரம் கெஞ்சியிருந்தாள்.
மருந்துப் பெட்டியிலிருந்த அயோடினில்
ஒரு சொட்டு விட்டோம்.
திரையில் மெல்லத் தெளிந்தது
கட்டம் கட்டமாய் ஒரு சுவர்.

"நம்ம புளோக் மாதிரியே இருக்கு.
லிஃப்டைத்தான் காணோம்."
ஒவ்வோர் அறையிலும் ஒரு பழுப்புப் பொட்டு.
உட்கரு என்றேன்.
"ஏன் ஓரமா இருக்கு?
புத்தகத்துல நடுவுல இருக்கே."
வீட்டுக்காரர் எந்த மூலையிலும் உட்காரலாம் என்றேன்.
எழுதிக்கொண்டாள்,
பிறகு அடித்தாள்.

பள்ளியில் இதெல்லாம் அவளுக்கு ஆங்கிலம்.
உயிரணு என்று சொல்லிப் பார்த்தேன்.
நீளமாம்.
செல் என்றேன்.
சிரித்தாள்.
"செல், சென்றான், சென்றது.
செல்லுன்னா போன்னு அர்த்தம், உம்மா."
அதுவும் சரிதான்,
போய்க்கொண்டேதான் இருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லித் தந்தது
உட்லண்ட்ஸில் ஒரு சில்லு ஆலை.
பதினான்கு ஆண்டு இரவு வேலை.
முக்காட்டுக்கு மேல் ஒரு தலையுறை,
வாய்க்கு ஒன்று, கைக்கு இரண்டு,
கண் மட்டும் வெளியே.
என்னைக் காப்பதற்கல்ல இவ்வளவும்,
என்னிடமிருந்து தகட்டைக் காப்பதற்கு.
என் தோலில் ஒரு துணுக்கு விழுந்தால்
அங்கே ஒரு சில்லு பாழ்.
பவுடர் கூடாது, கண்மை கூடாது,
வேகமாய் நடக்கவும் கூடாது.
"இந்த அறையிலேயே பெரிய அழுக்கு நாமதான்"
என்றாள் முதல் நாள் மேற்பார்வையாளர் சியூ லிங்,
தன்னையும் சேர்த்துத்தான்.

"ஒரு நிமிஷத்துக்கு எத்தனை விழும்?"
ஆயிரக்கணக்கில்.
"வலிக்காதா?"
செத்த பிறகுதானே விழுகிறது.

பென்சில் நின்றது.
அயோடின் கறைபட்ட விரலை நீட்டி
என் கண்ணுக்குக் கீழே தொட்டாள்.
"அப்ப இது?"
மேலே இருப்பது செத்ததுதான்.
"என் விரல்ல இருக்கறது?"
அதுவும்.
"அப்ப நான் உன்னைத் தொடவே இல்லையா?"

சோற்றுப் பானை டக்கென்று அணைந்தது.
பாடநூலின் எந்தப் பக்கத்திலும்
இந்தக் கேள்விக்கு நான்கு விடைகள் போட்டு
ஒன்றை வட்டமிடச் சொல்லவில்லை.

அவள் விரலைப் பிடித்து
இன்னும் அழுத்தினேன்,
நகம் வெளுக்கும்வரை.
இப்போது?
"சூடா இருக்கு."
அது கீழே இருப்பவர்கள் என்றேன்.
"எத்தனை பேர்?" என்றாள்.
வெங்காயக் காரத்தில்
எனக்குக் கண் கரித்தது.

ஒன்பதே காலுக்குப் பேருந்து.
போய்ட்டு வர்றேன் என்று
வாசலில் காலணி மாட்டினேன்.
"செல், உம்மா, செல்" என்று
இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து
கத்தினாள்.
எதிர் வீட்டு மலாய்க்காரர் எட்டிப் பார்த்தார்.

உடுத்தும் முன் முகம் கழுவ வேண்டும், விதி.
கழுவினேன்.
ஓர் இடத்தில் மட்டும்
தண்ணீர் சற்று அவசரமாய்ப் போனது.

காற்றறையில் கைகளை உயர்த்தி
இருபது விநாடி.
எல்லாப் பக்கமும் காற்று அறைந்தது.
உடுப்புக்கு வெளியே மிச்சமிருந்தது
கண்ணும், அதன் கீழே விரலகலமும்.
அதிலிருந்து பறந்தவற்றில்
என்னுடையவை எத்தனை, அவளுடையவை எத்தனை,
வடிகட்டி பிரித்துப் பார்ப்பதில்லை.

பச்சை விளக்கு எரிந்தது.
பின்னால் நின்றவர் தோளைத் தட்டும்வரை
நான் செல்லவில்லை.