நாலு கிளிக்

விமானம் அறுநூறு.
ரிமோட் இல்ல, கேக்காத, என்றுவிட்டான்
மூலக்கொத்தளத்தில் பழைய சாமான் பரப்பியிருந்தவன்.
வெள்ளை ஃபோம் உடம்பு,
இடது இறக்கையில் ஃபெவிக்கால் காய்ந்த தழும்பு,
வயிற்றுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர்.

ரிமோட்டை ரிச்சி தெருவில் தனியாக வாங்கினேன்.
'ரெண்டுமே ரெண்டு புள்ளி நாலுதாண்ணே, பேசிக்கும்.'

பேசவில்லை.
ஒரே மாடிப்படி, ஒரே அடிபம்பு,
ஒன்பது வருஷமாக முகம் பார்க்காத
எங்கள் ஹவுசிங் போர்டு 'சி' பிளாக் மாதிரி
ஒரே அலைவரிசையில்
இது ஒரு பாஷையில் கூப்பிட
அது தன்னை இல்லையென்று கிடந்தது.
சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்த கையோடு
எப்சிபா வந்தாள்.
எம்.சி. ரோட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவள்.
ரிசீவரின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் படித்தாள்.
'மெனுவுல வேற மோடு வெச்சிருக்க. மாத்து.
பொறவு இந்தப் பட்டனை அமுக்கிட்டே பேட்டரி சொருவணும்.
மொதல்ல விசிறியைக் கழட்டு,
விரலு பத்தும் வேணும்ல.'

கழற்றினேன்.
பட்டனை அமுக்க மறந்து
பேட்டரியைச் சொருகினேன்.

விளக்கு மினுக்கவில்லை.
நின்று எரிந்தது.

'ஒட்டிக்கிச்சு!'
'எதோட? உன் ரிமோட்டு ஆஃப்ல கீதே.'

அப்போது வால் அசைந்தது.
இடது. வலது. மறுபடி இடது.
யாரோ மூடியைத் திறந்து பார்க்கிறாற்போல.

நாங்கள் இருவரும் மொட்டைமாடியைச் சுற்றிப் பார்த்தோம்.
கொடியில் காயும் நைட்டிகள், தண்ணீர்த் தொட்டிகள்,
டிஷ் ஆன்டெனாக்கள்.
கீழே கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
இந்தப் பக்கம் நூறு வண்டி, அந்தப் பக்கம் நூறு வண்டி,
நடுவில் முடிவே இல்லாமல்
மணலிக்குப் போகும் டேங்கர் ரயில்.
அதற்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
ஒரு கட்டைவிரல்.

பிறகு பின்தகடு மேலே எழும்பி, அப்படியே நின்றது.
ஏறு, ஏறு என்று யாரோ பிடித்திருக்கிறார்கள்.
மோட்டார் வெறும் தண்டைச் சுழற்றி வீறிட்டது.
காற்று இல்லாத பறத்தல்.

சட்டென்று அடங்கியது.
மினுக் மினுக்.

'யாரோ டிராயரைச் சுத்தம் பண்றாங்க,' என்றாள் எப்சிபா,
'வேல செய்தான்னு பாத்து உள்ள போட்டிருப்பாங்க.
அவ்ளோதான்.'
அந்த ரிமோட்டுக்குத் திரும்பிவரும் சேதி கிடையாது.
சொல்லிக்கொண்டே இருக்கும்,
கேட்கிறதா என்று அதற்குத் தெரியாது.

திங்கள், செவ்வாய், புதன்
அதே நேரத்துக்கு மாடியேறிப் பேட்டரியைச் சொருகினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
புதனன்று, ஆறு இருபதுக்கு, ஒரே ஒரு தடவை
வால் இடது பக்கம் போய் வந்தது.
அல்லது என் முழங்கை பட்டிருக்கலாம்.

வியாழன்: பட்டனை அமுக்கினேன்.
வேகமாய் மினுக்கி, மூச்சடக்கி, நின்று எரிந்தது.
இப்போது நான் அசைத்தால் அசைகிறது.
இனி யார் கூப்பிட்டாலும் இதற்குக் கேட்காது.
இவ்வளவு சுலபமாக மறக்கிற சாமானை
நான் அதுவரை பார்த்ததில்லை.

எர்ணாவூர் பக்கம், கடலுக்குக் கல் கொட்டிய கரையோரம்,
முப்பது தப்படி நடந்து ரேஞ்ச் பார்த்து
கையால் எறிந்தேன்.
பறந்தது.
ஆனால் நேராக விட்டால்
தழும்பு இருக்கிற பக்கமே சாய்ந்தது.
ரிமோட்டில் டிரிம் பட்டனைத் தட்டினேன்.
வலது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவது கிளிக்கில் நிமிர்ந்தது.

எப்சிபா ஒரு விரலால் வெயிலை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்கு அந்த இன்னொரு ரிமோட்டின் ஞாபகம் வந்தது.
ஏதோ ஒரு டிராயரில்,
கரன்ட் பில்லுக்கும் தீர்ந்த பேனாவுக்கும் அடியில்,
அதிலும் இருக்கும்
வலது பக்கம் நாலு கிளிக்.