ஒரு கட்டம் ஆழம்

இம்முறை தோண்டுவதில்லை என்று
ஆட்டம் தொடங்குமுன்பே முடிவுசெய்திருந்தேன்.
வண்டியில் வந்திறங்கிய ஏழு குள்ளர்களிடமும்
கோடரி இருந்தது, பீப்பாயில் சாராயம் இருந்தது.
குந்தாலி இல்லை.
விற்று விதை வாங்கிவிட்டேன்.

முதல் மாதம் முழுக்க வாந்தி.
மலைக்குள் பிறந்த கண்களுக்கு வெயில் ஒவ்வாது.
ஓடைக்கரையில், புல்லில்,
கட்டிமுடிக்காத வாசற்படியில்
பச்சைப் புள்ளிகள்.
அப்புறம் மழை.
‘நனைந்ததில் எரிச்சலுற்றாள்’ என்று
ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி.

நான் இருப்பது கிருனாவில், மூன்றாம் மாடியில்.
டிசம்பர். சூரியன் வேலைக்கு வருவதில்லை.
ஆயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கும் இரும்புக்கல்லை
நாற்காலியில் அமர்ந்து ஜாய்ஸ்டிக்கால் அள்ளுகிறேன்.
அள்ள அள்ள மேலே ஊர் சரிகிறது.
ஆகவே ஊரைப் பெயர்த்துக்
கிழக்கே கொண்டுபோகிறார்கள்.
எங்கள் கட்டடத்துக்கு மே மாதமாம்.
கடிதத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டியவன் யோர்மா.
அதன் ஓரத்திலேயே
பால், முட்டை, பேட்டரி என்று எழுதியவள் நான்.

சுவரைத் தொடாத கூரை நிற்காது.
இரண்டு ஆட்டுக்குட்டிகள் செத்துத்தான் அது தெரிந்தது.
பூதங்கள் ஒருமுறை வேலியை எரித்தன,
மறுபடி நட்டோம்.
நட்டோம் என்கிறேன், மவுஸ் என் கையில்தான்.
மூன்றாம் ஆண்டில் நாற்பத்திரண்டு பேர்,
மர வீடுகள், ஒரு மணிக்கூண்டு,
வானத்தைப் பார்த்துக் கண் கூசாத முதல் குழந்தை.

அப்போதுதான் ஓர்வெக்,
பாலாடைக்கட்டி செய்கிறவன்,
யாரோடும் பேசாமல் பட்டறைக்குள் போய்க்
கதவைச் சாத்திக்கொண்டான்.
தலைக்குமேல் ஒரே படம், திரும்பத் திரும்ப:
இரும்புக்கல்.
கிடைக்காவிட்டால் பித்துப் பிடித்து ஆற்றில் இறங்குவான்.
அவன் நிற்கிற இடத்துக்கு நேர் கீழே
ஒரு கட்டம் ஆழத்தில் இருக்கிறது, சிவப்பாக.
வந்த அன்றே பார்த்துவிட்டேன்.

இரவு ஒன்றேகாலுக்குச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்.
தேநீரில் வளையம் விரிந்தது.
அலமாரியில் குவளைகள்
ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.

நாற்பது பாலாடைக்கட்டி கொடுத்து
வணிகரிடம் குந்தாலி வாங்கினேன்.
ஒரே ஒரு கட்டம்.

ஓர்வெக் ஓர் இரும்புக் கதவு செய்தான்.
ஊரிலுள்ள எல்லா வீடுகளையும் விட
அதன் மதிப்பு அதிகம் என்றது திரை.
அதில் பொறித்திருக்கும் உருவம்:
பாலாடைக்கட்டி.
மகிழ்ச்சியாக இருக்கிறானாம்.

குழியின்மேல் பலகை போட்டேன்.
சிவப்பு அந்தப் பலகையோடு முடியவில்லை,
அடுத்த வீட்டுக்கு அடியிலும் போகிறது,
மணிக்கூண்டுக்கு அடியிலும்.
குந்தாலியைத் திருப்பி விற்கலாம்,
ஆனால் வணிகர்கள் இனி வசந்தத்தில்தான் வருவார்கள்.

யோர்மா பாதித் தூக்கத்தில் கேட்டான்,
இன்னும் தோண்டவில்லையா என்று.

இல்லை என்றேன்.
ஐந்தரைக்கு அலாரம் வைத்தேன்.