மூன்றாம் மேசை

குமுளியில் ஏலக்காய்க் கிட்டங்கிக்கு மேல்
ஐந்து மேசை போட்டிருக்கிறேன்.
நாள் வாடகை முந்நூறு.
'கரண்ட் போனாலும் போகாத இணையம்' என்று
வாசல் பலகையில் எழுதியிருக்கிறது.
பாதி பொய்.

மீதிப் பாதி இது:
எனக்கு இரண்டு இணைப்பு.
ஒன்று கேரளத்துக் கம்பங்களில் தொங்கி இறங்குவது,
இன்னொன்று லோயர்கேம்ப்பிலிருந்து
கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவது.
ஒன்றை யானை அறுத்தால்
மற்றதை லாரி அறுக்கும்வரை அவகாசம் இருக்கும்.

மூன்றாம் மேசை ரூதாவுக்கு.
ஊர் லித்துவேனியா, சம்பளம் டொரொண்டோ.
விசா பற்றி நான் கேட்டதில்லை,
கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.
விமானங்கள் தொலைத்த பெட்டிகளைத்
தேடித் தருவது அவள் வேலை.
இரவு ஏழுக்கு உட்கார்ந்தால் மூன்றரைக்கு எழுவாள்.
முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் கேட்டாள்,
எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்காத சுவர்.
சாம்பல் நிறம், இரண்டு பூச்சு, அடித்துக் கொடுத்தேன்.
ஏலக்காய் வாசனையை ஒன்றும் செய்ய முடியவில்லை.
நல்லவேளை, அது திரையில் போகாது.
அவள் ஸ்வெட்டரில் மட்டும் போகும்.

ஆடி மழையில் ஒரு ராத்திரி, பதினொன்று பத்துக்கு,
இரண்டு பெட்டியிலும் சிவப்பு விளக்கு.
ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருந்தாராம்.
அம்மாவின் பல்செட் பெட்டிக்குள்.
நாளை மறுநாள் கல்யாணம்.
பெட்டி எங்கோ பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஷிஜோவைக் கூப்பிட்டேன்.
"சேச்சி, வெட்டு செக்போஸ்ட்டுக்குக் கீழே,
அது உங்க ஆளுங்க பாடு."
பவுன்ராசைக் கூப்பிட்டேன்.
"அக்கா, மேலதான் போயிருக்கு. அவங்களைப் பிடிங்க."
கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை.
தடுப்புக் கட்டைக்கு நேர் மேலே
ஒரு புளிக்கொம்பு ஒடிந்து
இரண்டு வடத்தையும் சேர்த்து இழுத்துவிட்டிருந்தது.

கடைசியில் இரண்டு பேருமே வந்தார்கள்.
ஏணி தமிழ்நாட்டினுடையது.
சார்ஜ் இருந்த மெஷின் கேரளத்தினுடையது.
நான் டார்ச் பிடித்தேன்.
தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி,
அதன் நுனியைத் துடைத்து, வெட்டி, எதிரெதிரே வைத்தால்
ஒரு சின்ன மின்னல்.
ஒட்டிக்கொண்டது என்றான் ஷிஜோ.
இன்னும் இருபத்து மூன்று பாக்கி என்றான் பவுன்ராசு.

அதுவரை ரூதா காத்திருக்கவில்லை.
குடையோடு சரிவில் இறங்கினாள்,
கைபேசியில் இரண்டு கோடு தெரியும்வரை.
எனக்குத் தெரிந்த அளவு இங்கிலீஷில் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:
பச்சை நாடாவா? சக்கரம் மூன்றா நான்கா?
பின்னால் ஒரு காய்கறி லாரி
ஊரை எழுப்புகிற ஹாரன் அடித்தது.
அந்தப் பக்கத்து மனிதர் கேட்டிருக்க வேண்டும்,
நீ எங்கே இருக்கிறாய் என்று.

எட்டு மாதமாய் அந்தக் கேள்விக்காகத்தான்
அந்தச் சுவர்.

என்னைப் பார்த்தாள்.
"மழையில்," என்றாள்.

விடிந்து ஆறரை.
டீக்கடை பெஞ்சில் நாங்கள் நான்கு பேரும், சேறோடு.
கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும்
ஜீப்புகள் ஏறி வந்தன,
ஒவ்வொன்றிலும் பதினாலு, பதினைந்து பெண்கள்,
மடியில் தூக்குச் சட்டி, தலையில் துண்டு.
எங்கே போகிறார்கள் என்றாள் ரூதா.
எஸ்டேட்டுக்கு, காய் எடுக்க.
கூலி மலைமேல், அடுப்பு மலையடியில்.
தினமுமா என்றாள்.
தினமும் என்றேன்.
கடைசி ஜீப் வளைவில் மறையும்வரை
அவள் டீயைக் குடிக்கவில்லை.

பாதி ராத்திரிக்கு வாடகை வேண்டாம் என்றேன்.
முழுசாய் வைத்தாள்.

பெட்டி மாட்ரிடில் கிடைத்துவிட்டதாம்.
கல்யாணத்துக்குப் போய்ச் சேருமா தெரியாது.
அழைப்பின் பதிவில் ஏதோ வண்டிச் சத்தம் என்று
மேலாளர் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்.
மூன்றாம் மேசையில், சாம்பல் சுவருக்கு முன்னால்,
அந்த ஒரு வரியைத் திறந்து வைத்திருக்கிறாள்.
இன்னும் பதில் எழுதவில்லை.