நிழல் விட்டுப்போன கம்பம்

முதலில் ஐந்து பச்சைப் புள்ளிகள்.
தலையை அசைக்காமல் ஒவ்வொன்றாய்ப் பாருங்கள்.
மை தீட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள்,
இமைமயிரைக் கண்மணி என்று
எண்ணிவிடும் இந்தக் கருவி.

நாற்பத்தேழாவது ஆளுக்கு மை இல்லை.
தோர்க்னி, அறுபத்து மூன்று வயது,
கோத்தன்பர்க் டிராமில் முப்பத்தோராண்டு ஓட்டுநர்.
ஈரக் கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு
ஒப்புதல் படிவத்தின் நான்கு பக்கத்தையும்
வரி விடாமல் வாசித்தார்.
இதுவரை யாரும் வாசித்ததில்லை.
"என் கண் எங்கே போகிறதென்று
எனக்கே தெரியாது.
அதை உங்களுக்கு எழுதிக்கொடுக்கச் சொல்கிறீர்கள்"
என்றபடியே கையெழுத்துப் போட்டார்.

தலைக்கவசத்துக்குள் ஒரு தெரு.
நவம்பர், பிற்பகல் மூன்று மணி, சாய்ந்த வெயில்.
ரொட்டிக் கடை, தபால்பெட்டி,
தள்ளுவண்டியோடு ஒரு தாய்,
தண்டவாளம்.
டிராம் வருகிறது.
கடக்கலாம் என்று தோன்றினால்
பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

என் திரையில் அவர் பார்வை
ஒரு சிவப்பு வட்டம்.
தத்தும், நிற்கும், தத்தும்.
ஒரு தத்தல் இமைப்பொழுதிலும் குறைவு;
அதற்குள் மனிதன் ஏறக்குறையக் குருடு,
அது அவனுக்குத் தெரிவதில்லை.

வட்டம் டிராமுக்குப் போனது, சரி.
தாய்க்குப் போனது, சரி.
பிறகு இடது ஓரம், கீழே,
ஒரு விளக்குக் கம்பத்தின் காலடி.
அங்கே எதுவும் இல்லை.
பன்னிரண்டு முறை தெருவைக் கடந்தார்,
பதினோரு முறை அங்கே போய் வந்தது.
மென்பொருள் அந்த இடத்துக்கு
'வெற்றிடம்' என்று பெயர் வைத்தது.
கண்மணி சற்றே விரிந்திருந்தது.

நான் கதை கட்டத் தொடங்கினேன்.
முப்பத்தோராண்டு.
இடது ஓரம். தாழ்வாக, ஒரு குழந்தையின் உயரம்.
ஏதோ ஒரு நவம்பர், பிரேக்கின் கிரீச்சல்,
ஒற்றைக் கையுறை.
(கையுறை எங்கிருந்து வந்தது?
யாரும் சொல்லவில்லை, நானே போட்டேன்.)

இல்வா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"இவரை நீக்கிவிடலாமா?" என்றாள்.
குரலைத் தாழ்த்தியிருந்தாள்.
அவளும் கட்டியிருக்கிறாள் ஒன்று.
கேட்க நெறிமுறையில் இடமில்லை.
இருந்திருந்தாலும் நாக்கு எழுந்திருக்காது.

கேள்வித்தாளில்:
குறிப்பாக எதையாவது கவனித்தீர்களா? இல்லை.
தலைசுற்றல்? கொஞ்சம்.

கோட்டில் ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே,
கதவருகே நின்றுவிட்டார்.
"அந்தக் கம்பம்..."
நான் மூச்சை நிறுத்தினேன்.
"இப்போதுதான் தோன்றுகிறது, அதற்கு நிழல் இல்லை.
தபால்பெட்டிக்கு இருக்கிறது, தள்ளுவண்டிக்கு இருக்கிறது.
அந்த வெயிலில் கம்பத்து நிழல்
தண்டவாளம் வரை படுத்திருக்க வேண்டும்.
எங்கள் வேலையில் முதலில் நிழல்தான் வரும்,
ஆள் அப்புறம்."
மற்றக் கையையும் நுழைத்துக்கொண்டு போனார்,
இருநூறு குரோனர் கூப்பனை மேசையிலேயே விட்டுவிட்டு.

திறந்து பார்த்தோம், உண்மைதான்.
வரைந்தவன் மறந்திருக்கிறான்.
முந்தைய நாற்பத்தாறு பேரையும் மீண்டும் ஓட்டினோம்.
ஒன்பது பேரின் வட்டம்
அங்கே தயங்கி நகர்ந்திருந்தது.
அவர்களுக்குத் தெரியாது,
எங்களுக்கும் தெரியவில்லை.

இப்போது நிழல் வரைந்தால்
அது வேறு தெருவாகிவிடும், ஒப்பிட முடியாது.
அப்படியே விட்டுவிட்டோம்.

நாற்பத்தெட்டாவது ஆள் பல்மருத்துவ மாணவி.
மை துடைத்த பஞ்சு கையில்.
ஐந்து புள்ளி, பிறகு தெரு.
அவளுடைய வட்டம் ரொட்டிக் கடையில் மேய்கிறது.
என் கண்தான்
இடது ஓரம், கீழே
போய் நின்றுகொண்டிருக்கிறது,
யாரும் அதை அளக்காமல்.