இருபத்தேழாவது தெரிவு

அதிபர் என் பெறுபேற்றுத் தாளை
யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்,
கள்ளநோட்டைப் பார்ப்பதுபோல.
"கணிதத்துக்கு ஏ. நல்லது பிள்ளை.
கலை எடு. கம்பஸ் கட்டாயம்.
கணிதம் எடுத்தால் பாடசாலையின்ர வீதமும் விழும்,
நீயும் விழுவாய்."

வீதத்தை எனக்கு முன்னால் சொன்னார்.
அதனால்தான் கணிதம் எடுத்தேன்.
துணிவு என்றெல்லாம் யாரும் சொல்ல வேண்டாம்.

மல்லாவியில் அந்த வருடம் நாங்கள் மூன்று பேர்:
நான், சானுஜன், நிதுர்சனா.
பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை.
நேரசூசியில் அந்தப் பெட்டிகளுக்குள்
'வெற்றிடம்' என்று
நல்ல கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்.
வெற்றிடத்தினூடாக ஒலி செல்லாது
என்று புத்தகத்தில் இருந்தது.
சரிதான்.
வலயத்துக்கு நாலு கடிதம் போட்டோம்.

சனி, ஞாயிறு விடிய ஐந்து இருபது பஸ்.
கிளிநொச்சியில் ரியூசன்.
றோட்டில் யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும்,
அன்றைக்கு இயக்கவியலில் முதல் அரைமணி
யானைக்கு.
அப்பா அறுவடை மெசின் ஓட்டிய காசு
சில்லறையாகவே மாஸ்டரின் கைக்குப் போனது.
வேணியர் இடுக்கியை முதன்முதல் தொட்டபோது
பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது.
அதுவரை அது
கரும்பலகையில் வரைந்த ஒரு மீன்.

சானுஜன் இரண்டாம் தவணையோடு மேசன் வேலைக்குப் போனான்.
இப்போதும் மூலைமட்டம் பிடிக்கையில்
பைதகரஸுக்கு ஏசுகிறானாம்.
நிதுர்சனா கலைக்கு மாறினாள். மூன்று ஏ.
யாழ்ப்பாணம் கம்பஸுக்குப் போகுமுன்
தன் இணைந்த கணிதக் கொப்பிகளை
என் வீட்டுப் படலையில் கொழுவிவிட்டுப் போனாள்.
கூப்பிடவில்லை.

எனக்கு ஒரு சி, இரண்டு எஸ்.
பொறியியல் வெட்டுப்புள்ளிக்கும் என் புள்ளிக்கும் நடுவில்
ஒரு முழு மாரிகாலம்.
விண்ணப்பம் நிரப்பித் தந்த கடைப்பெடியன்
இருபத்தாறு தெரிவு போட்டபின் கேட்டான்:
"இன்னும் ஒண்டு போடலாம் அக்கா.
நில அளவை எண்டு ஒண்டு கிடக்கு. போடட்டோ?"
போடு என்றேன்.
கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அதுதான் கிடைத்தது.

இங்கே சுற்றிவர மலை.
விடுதியில் கொழும்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்:
"உங்கட மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவுதானே. லேசு."
நான் அவளோடு சண்டை பிடிக்கவில்லை.
ஐந்து இருபது பஸ்ஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்,
யானை வருவதற்குள்
அவளுக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

அவள் சொன்னதில் பாதி உண்மை.
குறைந்த புள்ளியில்தான் வந்தேன்.
மற்றப் பாதியை அளக்க
இன்னும் கருவி தரவில்லை.

நேற்று முதல் செய்முறை.
முக்காலியை ஊன்றி
மட்டக்குமிழியை நடுவுக்குக் கொண்டுவர
முக்கால் மணி நேரம் பிடித்தது எனக்கு.
வந்து நின்ற நொடியில் போன் அடித்தது. அதிபர்.
"பிள்ளை, இந்த முறை கணிதத்துக்கு ஏழு பேர்.
உன்னைச் சொல்லித்தான் வந்து நிக்கினம்.
என்ன சொல்லட்டும்?"

"பௌதிகத்துக்கு ஆள் வந்திட்டாரோ சேர்?"

அந்தப் பக்கம் ஒலி இல்லை.
லைன் அறுந்ததோ என்று
திரையைப் பார்த்தேன்.
விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.