ஒரே குடி

எங்கள் பாறையில் இது கிடைக்காது.
மட்டக்களப்பின் அடியில் கிடப்பது
ஓடும் முள்ளும் எலும்பும்
உலகில் பிறப்பதற்கு முந்திய கல்.
ஆகவே அரியலூரில் இருந்து பெட்டி வந்தது.
சுங்கத்தில் பதினொரு நாள்.
பெறுமதி என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
பிறகு வெட்கமாக இருந்தது.

வந்தாறுமூலையில் மழை. ஆய்வுகூட மேசையில்
சுருண்ட கற்கள் இருபத்தாறு.
பெரியவை சோற்றுக் கோப்பை அகலம்,
சின்னவை ஐந்து ரூபாய்க் குற்றி.
புத்தகத்தில் இரண்டுக்கும் இரண்டு பெயர்,
ஒரே ஆள் வைத்தவை.
சின்னதுக்கு 1868இல்,
பெரியதுக்கு மூன்று மாரி கழித்து.
முன்பு வைத்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை,
கப்பலுக்கு நேரமாகியிருக்கும்.

அறுத்துப் பார்த்தேன்.
உள்ளே முதல் நாலு சுற்றும் ஒரே அச்சு:
அதே விலா, அதே தொப்புள் குழி,
அறைச்சுவர் ஓட்டில் முட்டும் இடத்தில்
பூச்சி அரித்த இலையின் அதே ஓரம்.
ஐந்தாம் சுற்றில் ஒன்று நின்றுவிட்டது,
வாயோரம் இரண்டு காது முளைத்து.
மற்றது வளர்ந்துகொண்டே போயிற்று.
முட்டைக்கு இடம் வேண்டும் அல்லவா.

"அப்ப, புருசனும் பொஞ்சாதியும்"
என்றாள் ஜெஸீமா, அறுவைத் தூசியைத் துடைத்தபடி.
அக்கரைப்பற்றுக்காரி. அவள் தங்கைக்கு
மூன்றாவது சம்பந்தமும் போன கிழமைதான் முறிந்தது,
மாப்பிள்ளையும் அதே குடி என்று.

ஓம், என்றேன். ஒரே இனம்.
இனிமேல் ஒரே பெயர்.
முந்தினது நிற்கும், பிந்தினது விழும்.
"எது முந்தினது?"
சின்னது.
துணி நின்றது.
"ஆம்பிளட பேரா?
இஞ்ச மாப்பிள்ளைதானே பொண் ஊட்ட வாற.
பிள்ளைக்கும் உம்மாட குடிதானே."
விதி திகதியைத்தான் பார்க்கும், ஜெஸீமா.
"அதையும் உடுங்க மிஸ். ஒரே குடிக்குள்ள
எப்பிடி முடிக்கிற?
ரெண்டு பேர் வச்ச மனிசன்தான் சரி."

தட்டச்சில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.
எழுகோடி வருடமாக யாரும்
இந்தக் கலியாணத்தில் குற்றம் கண்டதில்லை.

அவள் பெயரைப் பட்டியலில்
ஒரு வரி கீழே இறக்கினேன்,
சாய்வெழுத்தில், ஆண்டோடு.
அழிக்க முடியாது; அதுவும் விதி.
இனி இதைத் தேடி வருபவர் யாரும்
அந்த வரியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

காலையில் இழுப்பறையைத் திறந்தால்
பெரியவை ஒரு தட்டில், சின்னவை ஒரு தட்டில்,
நடுவில் மடித்த பஞ்சு.
மாற்றி அடுக்கக் கை போனது.
"மிஸ் என்ன குடி?" என்று
பின்னால் இருந்து கேட்டாள்,
ஆறு வருடத்தில் முதல் தடவை.