கரைந்த பனிக்குக் கணக்கு

ஈரி நகரத்தில் பனியைத் திட்டாதவன்
நான் ஒருவன்தான்.
மாநகராட்சியின் பதினேழாம் எண் வண்டி என்னுடையது.
முன்னால் இரும்புக் கலப்பை, பின்னால் நாலு டன் உப்பு.
பகலில் பெய்தால் சம்பளம்,
நடு ராத்திரியில் பெய்தால் ஒன்றரைச் சம்பளம்,
கிறிஸ்துமஸ் அன்று பெய்தால் இரட்டிப்பு.

நவம்பரில்,
டயர் கடை கொடுத்த காலண்டரின் பின்பக்கம்
மாரிஸின் படிப்பை எழுதி வைத்தேன்.
விடுதிக்கு முன்பணம்: ஒரு பெரும்புயல்.
பாடப்புத்தகங்கள்: ஆறு அங்குலம், ஒரே ராத்திரியில்.
மண்ணியல் படிக்கச் சுத்தியலும் பூட்ஸும் வேண்டுமாம்,
அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பனித்தூறல் போதும்.
மீதிக்குக் கடன்.
அந்தச் சொல்லை மட்டும்
பென்சிலால் எழுதினேன், அழிக்க வாய்க்கும் என்று.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
நான் வானத்தில் இருந்ததையே அளந்துவிட்டேன்.

டிசம்பர் முழுக்க மழை.
ஜனவரியிலும் ஏரி உறையவில்லை.
பட்டறையில் கலப்பைக்கு மூன்றாம் முறை எண்ணெய் போட்டோம்.
பிறகு ரஸ் சீட்டுக்கட்டை எடுத்தான்.
பக்கத்து வீட்டு மிஸஸ் ப்ரஷ்கோ
ஸ்வெட்டர் இல்லாமல் வாசலில் நின்று
"என்ன அருமையான குளிர்காலம், டேல்!" என்றாள்.
ஆமாம் என்றேன்.

உதவித்தொகைப் படிவத்தை ஒரே ராத்திரியில் நிரப்பினோம்.
கேள்வியை மாரிஸ் படிப்பாள், பதிலை நான் சொல்வேன்.
வீட்டில் எத்தனை பேர்?
மூன்று.
அவள் விரல் விசைக்கு மேலேயே நின்றது.
இரண்டு, என்றேன்.

வருமானம் என்ற கட்டம்
இந்த வருடத்தைக் கேட்கவில்லை.
இரண்டு வருடத்துக்கு முந்தையதைக் கேட்டது.

அந்த வருடம்
கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் ஐந்தடி.
வண்டியிலேயே தின்று வண்டியிலேயே தூங்கினேன்.
பணம் வந்தது.
ஜோலினின் மருந்துக்குப் போனது,
பிறகு ஜோலினின் கல்லறைக் கல்லுக்கு.
தாளில் மட்டும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது,
யாரோ ஒருவனுடைய பணக்கார மாமா மாதிரி,
கொழுகொழுவென்று.

படிவம் போனது, பதில் வந்தது:
இந்தக் குடும்பத்தால் வருடத்துக்குப் பதினாலாயிரம் டாலர் முடியும்.
மாரிஸ் திரையைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
இன்னொரு அப்பனை நான் எங்கேயோ
ஒளித்து வைத்திருப்பது போல.

மறுபடி முறையிடலாமாம்.
"ஐயா, அந்தப் பனி கரைந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன்.
அவள் அடித்துவிட்டு
'குடும்ப வருவாயில் ஏற்பட்டுள்ள மாற்றம்' என்று எழுதினாள்.
பெண் கல்லூரிக்குப் போகவில்லை,
அதற்குள் கல்லூரி அவள் வாய்க்கு வந்துவிட்டது.

ஆதாரம் இணைக்க வேண்டும்.
வராத பனிக்கு எங்கே போய் ஆதாரம் வாங்க?
மரணச் சான்றிதழ் ஒன்று, சம்பளச் சீட்டு ஒன்பது.
அவள் பார்க்காத நேரத்தில்
ஒரு புகைப்படமும் சேர்த்தேன்.
பிப்ரவரி பத்து. பட்டறை முற்றம்.
சிமெண்டு வெடிப்பில் பச்சைப் புல்,
நடுவில் வெட்கப்பட்டுக்கொண்டு பதினேழாம் எண்.

பரிசீலனையில் உள்ளது, முப்பது நாள் என்றார்கள்.
நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

ஏப்ரல் இரண்டாம் வாரம்,
டாஃபோடில் எல்லாம் பூத்து முடித்த பிறகு,
ராத்திரி ஒன்றரைக்குப் போன் அடித்தது.
நான் காலுறை தேடுவதற்குள்
சமையலறையில் விளக்கு எரிந்தது.
பிளாஸ்கில் காபி.
மாரிஸ் பின்கதவைத் திறந்து
இரவு உடையோடு குனிந்து
படிக்கட்டுப் பனியில் பள்ளிக்கூட ஸ்கேலைக் குத்தினாள்.
"நாலரை" என்றாள்.
வேறு ஒன்றும் பேசவில்லை நாங்கள்.

விடியும்போது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தேன்.
மிஸஸ் ப்ரஷ்கோ மண்வாரியை ஊன்றிக்கொண்டு
மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்:
போதும் சாமி, போதும்!

வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.
"கோவிச்சுக்காதீங்க," என்றேன்,
"இன்னும் ஒன்றரை அங்குலம் பாக்கி இருக்கு."